சீனி ராஜா குண்டும் நான்கு சிவப்பு வாளிகளும்

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு அண்ணாச்சி எங்கள் வலைக்கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் சிவப்பு வாளி. தண்ணீர் தளும்பி வேட்டி முழுக்க நனைந்திருந்தது.

எழுபதை நெருங்கும் மனிதர். முழங்காலுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியேறுகிறவர். அந்த மனிதருக்கு அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ஓடு தாயி. பின்பக்கப் படி வழியா வெளிய ஓடு" என்றார்.

இரண்டு வருடமாக என்னை வாங்க, போங்க, தங்கச்சி என்று மட்டுமே பேசியவர். முதல் தடவையாக ஒருமையில் அதட்டினார். நான் மரம் மாதிரி நின்றேன். அவர் ஹால் மூலையைப் பார்த்துத் திரும்பினார். ஒரு வாளியைக் கீழே வைத்தார். இன்னொன்றை இரண்டு கையாலும் தூக்கினார்.

அந்த மூலையில் என்ன இருந்தது என்று சொல்லாமல் கதையை நகர்த்தினால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள். சொல்லிவிடுகிறேன். அணுகுண்டு இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரே ஒரு அணுகுண்டு. பச்சைச் சணல் சுற்றி, லேபிள் ஒட்டி, உச்சியில் திரி வைத்து, ஜம்மென்று நின்றது. அதை நான்தான் வைத்திருந்தேன். பூனைக்காக.

கழிவுக் கட்டில் வந்தவர்கள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறவள். முன்பு சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குப் போய்வந்தேன், இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் கதிரேசன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். திருத்தங்கலில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டு உரிமையாளர் பெருமாள்சாமி அண்ணாச்சி தனியாக இருக்கிறார்.

பூனைகள் வந்தது ஒரு மழைச் சாயங்காலம். கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அச்சகத்துக்குப் போயிருந்தேன். வெட்டிப் போட்ட கழிவுக் காகிதக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து இரண்டு குரல்கள். தாய்ப்பூனையை இரண்டு நாளாகக் காணோம் என்றார்கள். மறுநாள் காலை கழிவு லாரி வந்து கட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விடும். துணிப்பையில் போட்டு ஸ்கூட்டி முன்னால் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெண் குட்டி சிறியது, ஆனால் எதற்கெடுத்தாலும் பட்டென்று வெடிக்கும். அதனால் சீனிவெடி, சுருக்கமாகச் சீனி. ஆண் குட்டி தன் வாலைப் பிடிக்கத் தரையில் சுற்றிச் சுற்றி வரும். அதற்குச் சக்கரம் என்று பெயர் வைத்தது கதிரேசன்.

வெளியே விடக் கூடாது என்பது முதல் வாரமே முடிவானது. எங்கள் தெருவில் சீசன் நேரத்தில் லோடு லாரிகள் வரிசைகட்டி நிற்கும். நின்ற லாரி எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது, பூனைக்கு எங்கே தெரியப்போகிறது. ஆக இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு அடுப்படி. இதுதான் அவர்களுடைய உலகம். அந்த உலகத்தை அவர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சுற்றிவந்தார்கள்.

சேட்டை என்றால் சேட்டை

திரைச்சீலையில் ஏறுவது, அரிசி டப்பா மூடியைத் திறப்பது, பிரிண்டரிலிருந்து வெளிவரும் தாளை வாயால் பிடித்து இழுப்பது. இதெல்லாம் பூனை வளர்க்கும் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் ஜிகினாத் தாள் என்று ஒரு கூடுதல் வம்பு. பளபளக்கும் மாதிரித் தாள்களை மேசையில் வைத்தால் முடிந்தது. ஒரு நாள் மத்தாப்புப் பெட்டிக்கு வைத்திருந்த தங்க நிறத் தாளைக் காணாமல் வீட்டையே புரட்டினேன். மறுநாள் சக்கரத்தின் கழிவுத் தட்டில் தங்கமாக ஜொலித்தது.

கதிரேசனுக்கு வேறு பிரச்சினை. ஆலையில் ஒவ்வொரு அறைக்குள் போகும் முன்னும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடவேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். பனிக்காலக் காற்றில் பூனையின் முதுகைத் தடவினால் சடசடவென்று பொரியும் இல்லையா, அது மனுஷனுக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் குழாயைத் தொடுவார், பிறகுதான் பூனையைத் தொடுவார். நான் எவ்வளவோ கேலி செய்து பார்த்துவிட்டேன், கை தானாகக் குழாய்க்குப் போகிறது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். மதியம் இரண்டு மணி ஓட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சரியாக அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடும் நேரம். ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரண்டும் பாய்ந்து ஓடும். கீழேயிருந்து அவர் கம்பால் மேல்தளத்தைத் தட்டுவார். பூனைகள் அதைப் பதில் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும்.

மணல் வாளி

அண்ணாச்சி வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் நான்கு சிவப்பு வாளிகள் தொங்கும். இரண்டில் தண்ணீர், இரண்டில் மணல். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் 'தீ' என்று எழுதியிருக்கும். பட்டாசு ஆலையில் இருக்கும் ஏற்பாடு அது. அவரும் ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். வீட்டில் எதற்கு இதெல்லாம் என்று நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் தண்ணீரை மாற்றுவார். மணலைச் சலித்து வெயிலில் காயப்போட்டு மறுபடி நிரப்புவார்.

அப்படிக் காயவைத்து நிரப்பி, இன்னும் கொக்கியில் மாட்டாமல் தரையில் வைத்திருந்த வாளிக்குத்தான் சீனி ஒரு சனிக்கிழமை போனது. பால்காரருக்குக் கதவைத் திறந்த நொடியில் என் காலுக்கிடையில் நழுவிப் படியிறங்கிவிட்டது. நான் பின்னால் ஓடிப் போய்ப் பார்க்கும்போது வாளிக்குள் உட்கார்ந்திருந்தது. எதற்கு உட்கார்ந்தது என்று நான் எழுதவேண்டியதில்லை. முடித்துவிட்டு, மரியாதையாக மணலைத் தள்ளி மூடியும் வைத்தது. அண்ணாச்சி சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

"தீ அணைக்க வச்ச மணல் தங்கச்சி. இதுல போயி..." என்று ஆரம்பித்தவர் சல்லடையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இன்னொரு தடவை இது கீழ வந்துச்சுன்னாலும் சரி, மேல குதிரை ஓடுற சத்தம் கேட்டாலும் சரி, ஒண்ணு பூனை போகணும், இல்லாட்டா நீங்க போகணும். பாத்துக்கிடுங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ஒரு வாளி மணலுக்கு இந்தப் பேச்சா என்று மேலே வந்து பொருமித் தீர்த்தேன். கதிரேசன் நிதானமாக, ஆலை வாட்ச்மேனிடம் பூனைகளைக் கொடுத்துவிடலாம், அங்கே எலி நிறைய உண்டு என்றார். ஆலை வளாகத்தில் பூனையா என்று கேட்டேன். நாய் இருக்கிறதே என்றார். பூனை போனால் அதன் பின்னாலேயே நானும் போவேன், சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு அந்த இரண்டும் என்ன என்று அவருக்கும் தெரியும். மனுஷன் பேச்சை விட்டுவிட்டார். மாசக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

சித்தி மகளின் வைத்தியம்

சித்தி மகள் செல்வி கால்நடை மருத்துவர். கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டு அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அதுக ரெண்டுக்கும் நாள் பூரா என்ன வேலை?"

பூனைக்கு என்ன வேலை இருக்கும் என்றேன்.

"அதான் பிரச்சினை. அதுகளுக்குச் சேட்டை இல்லக்கா, சலிப்பு. நீங்க வேலை குடுக்கலன்னா அதுகளா ஒரு வேலை தேடிக்கிடும்."

அன்றிலிருந்து எங்கள் வீடு ஒரு கம்பெனி ஆகிவிட்டது. காலை ஏழு மணிக்கு ஒரு ஷிப்டு, மதியம் ஒன்றரைக்கு ஒரு ஷிப்டு. ஒரு குச்சியில் கோழி இறகைக் கட்டிக்கொண்டு நான் ஹாலில் குதிப்பேன், அவர்கள் இறகைப் பிடிக்கக் குதிப்பார்கள். பதினைந்து நிமிடத்தில் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கும். அது முடிந்த கையோடு சாப்பாடு. வேட்டையாடினால் தின்னவேண்டும், தின்றால் தூங்கவேண்டும், அது பூனையின் கணக்கு என்றாள் செல்வி. அந்தத் தூக்கத்தை அண்ணாச்சியின் தூக்கத்தோடு பொருத்திவைப்பது என்னுடைய கணக்கு.

தட்டில் சோறு வைப்பதையும் நிறுத்தினேன். என்னிடம் மாதிரிக்கு வந்த காலிப் பட்டாசுப் பெட்டிகள் மலைபோலக் கிடந்தன. புஸ்வாணப் பெட்டியில் கொஞ்சம் கருவாடு, கம்பி மத்தாப்புப் பெட்டியில் கொஞ்சம், சரவெடிப் பெட்டி வெறுமனே ஏமாற்றுவதற்கு. வீடு முழுக்க ஒளித்துவைப்பேன். சீனி மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடும். சக்கரம் எல்லாப் பெட்டியையும் கிழித்துப் பார்க்கும். ஜன்னலோரம் ஒரு பலகை அடித்து, எதிர்வீட்டுப் புறாக்களைப் பார்க்க இடம் செய்து கொடுத்தேன். அரிசி டப்பா வைத்திருந்த அலமாரிக் கைப்பிடிகளைக் கயிறு போட்டுக் கட்டினேன்.

ஓட்டம் பாதியாகக் குறைந்தது. அண்ணாச்சியின் கம்பு இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தட்டியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் நகம் தீட்டும் வேலை நிற்கவில்லை. சோபாவும் திரைச்சீலையும் கந்தல். கீறுவதற்கென்று ஒரு தூண் வேண்டும், முரட்டுக் கயிறு சுற்றியது, சாய்ந்து விழாத கனத்தில், என்று செல்வி சொன்னாள். கடையில் கிடைப்பது என் பூனைகள் ஒரு தரம் ஏறினால் கவிழ்ந்துவிடும்.

முரட்டுக் கயிற்றை இறுக்கிச் சுற்ற ஆள் வேண்டுமாம். எங்கள் ஊரில்.

மாரியம்மாள் கை வைத்தால்

எதிர் வரிசையில் மாரியம்மாள் இருக்கிறாள். பதினைந்து வருடமாக ஆலையில் அணுகுண்டுக்குச் சணல் சுற்றுகிறவள். மருந்து அடைத்த அட்டைக் கூட்டின் மேல் சணலை இறுக்கிச் சுற்றினால்தான் சத்தம் கேட்கும். அவள் பேச்சு என் பக்கம் இருக்கும், கண் தெருவில் இருக்கும், விரல் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். தீபாவளி முடிந்து ஆலை இன்னும் திறக்காத நேரம், வீட்டில் சும்மா இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இது வரைக்கும் பூனைக்குச் சுத்துனதில்லக்கா என்றாள்.

அச்சகத்திலிருந்து ஒரு காலி அட்டை டிரம் வாங்கி வந்தேன். அடியில் மணல் மூட்டை வைத்தோம். பக்கவாட்டில் ஒரு பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டோம். மைதா பசை காய்ச்சும்போது அவளே நினைவுபடுத்தினாள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் என்ற நச்சு உப்பைக் கலப்பார்கள். பூனை நக்கும், துத்தம் வேண்டாம் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவளைக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் வந்தாள். சணல் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, பசைச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, அண்ணாச்சி வீட்டு வாசலைத் தாண்டி மாடியேறினாள். பச்சைச் சணல்தான் வாங்கினோம், கை பழகிய நிறம் என்றாள். சுற்றி முடித்தபோது ஒரு நூல் பிசகில்லை. தட்டினால் கல் மாதிரி இருந்தது. தள்ளி நின்று பார்த்தாள். முகம் தெளியவில்லை.

"திரி இல்லாம மூளியா இருக்குக்கா" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. உச்சியில் ஒரு பருத்திக் கயிற்றைச் செருகி, அடியில் காகிதம் சுற்றி, முறைப்படி திரி வைத்தாள். பூனை தட்டி விளையாடவும் ஆயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா. இருபது வருடமாக அடுத்தவன் பட்டாசுக்கு லேபிள் போடுகிறவள், என் வீட்டுக் குண்டுக்குப் போடமாட்டேனா. மஞ்சளும் சிவப்புமாக ஒரு சூரியன், அதன் நடுவில் சீனியின் முகம், தலையில் கிரீடம். 'சீனி ராஜா குண்டு' என்று கொட்டை எழுத்து. கீழே வழக்கமான எச்சரிக்கை: வெட்டவெளியில் வைத்து வெடிக்கவும், பெரியவர்கள் உடனிருக்கவும். பூனை முகம் போட்டிருக்கிறதே, பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். கிளி, குழந்தை, ரோஜாப்பூ, சிங்கம், எருமை என்று எங்கள் ஊர் லேபிளில் இல்லாத முகம் கிடையாது. பூனை போட்டால் அது பூனை பிராண்டு, அவ்வளவுதான்.

சக்கரம் ஒரே பாய்ச்சலில் உச்சிக்கு ஏறியது. சீனி ஓட்டைக்குள் புகுந்து, அதைத் தன் வீடாக எடுத்துக்கொண்டது. சோபா பிழைத்தது. மதிய ஓட்டம் நின்றே போனது. அந்த வாரம் கம்பு ஒரு தடவைகூடத் தட்டவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் வீட்டுக்குள் ஆடினேன்.

ஆலை திறக்கும் முன் நடக்கும் பராமரிப்பு வேலையைப் பார்த்துவிட்டு வந்த கதிரேசன், குண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாரியம்மாளின் கையைப் பாராட்டினார். பிறகு ஒரு போர்மேனின் குரலில், "வெளிய தெரியுற மாதிரி வைக்காத. அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை" என்றார். சரி சரி என்றேன். அண்ணாச்சியோடு நான் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரிடம் போய் எதற்குச் சொல்லவேண்டும் என்ற வீம்பு. படிக்கட்டு ஜன்னலோரம்தான் காற்று வரும் என்று குண்டையும் அங்கேயே வைத்தேன்.

அந்த மதியம்

மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அண்ணாச்சி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறார். வழியில் எங்கள் படிக்கட்டு ஜன்னல். உள்ளே அது நிற்கிறது.

அவர் கண்ணால் பாருங்கள். ஆலை மூடியிருக்கும் காலம். சணல் சுற்றுவதில் பேர்போன ஒருத்தி இரண்டு நாளாகப் பசைச்சட்டியோடு மேலே போய்வந்தாள். மேலே குடியிருப்பவன் போர்மேன். அவன் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஹாலில் இடுப்பு உயரத்துக்கு லேபிள் ஒட்டிய குண்டு. கள்ளத்தனமாக வீட்டில் வைத்துச் செய்கிறார்கள் என்று எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். நானே நினைத்திருப்பேன்.

கீழே இறங்கிப் போய், குண்டு மருந்தை நனைத்துவிடலாம் என்று இரண்டு தண்ணீர் வாளிகளையும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். வலைக்கதவை அவர் உதைத்த சத்தத்தில் குண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சீனி விழித்துக்கொண்டது. ஓட்டைப் பக்கம் எனக்குத் தெரியாமல் நின்ற டிரம்முக்குள்ளிருந்து ஒரு சீறல் வந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக, நிற்காமல். உச்சியில் திரி ஆடியது.

பட்டாசோடு ஆயுளைக் கழித்த மனிதருக்கு அது என்ன சத்தமாகக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பற்றிய திரி என்று தெரிந்தால் ஓடவேண்டும். யாராக இருந்தாலும் ஓடுவார்கள். அவர் என்னை ஓடச் சொல்லிவிட்டு, குண்டை நோக்கி இரண்டு அடி முன்னால் வைத்து, வாளியைக் கவிழ்த்தார். அது போதாதென்று இரண்டாவது வாளியையும் எடுத்து ஓட்டைக்குள்ளேயே ஊற்றினார்.

சீனி வெடித்தது. வேறு எப்படிச் சொல்வது. ஓட்டையிலிருந்து ஈரப் பந்தாகப் பாய்ந்து, அண்ணாச்சியின் நெஞ்சில் மோதி, தோளில் ஏறி, முதுகில் இறங்கி, திறந்த கதவு வழியாகப் படிக்கட்டில் மறைந்தது. அறைக்குள் பிரிண்டர் மேல் படுத்திருந்த சக்கரம் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. தரையெல்லாம் தண்ணீர். லேபிளில் சிவப்பும் மஞ்சளும் கரைந்து வழிந்தன. ராஜாவின் கிரீடம் மூக்குக்கு வந்துவிட்டது.

அண்ணாச்சி காலி வாளியோடு நின்றார்.

"பூனையா?" என்றார்.

பூனை நகம் தீட்டுவதற்குச் செய்தது அண்ணாச்சி என்றேன். அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, காலி வாளியை மடியில் இழுத்துவைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது

தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தார். பிறகு, யாரிடமும் பேசாத ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். வேலை இல்லாத நாட்களில் ஊரில் வீட்டுக்குள் வைத்துக் குண்டு சுற்றியிருக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை மருந்து பிடித்துக்கொண்டது, அவன் தப்பவில்லை.

"வீட்ல தண்ணி இருந்துச்சு. நாலு குடம் நிறைய இருந்துச்சு. எடுத்து ஊத்த நான்தான் இல்ல. இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தேன்" என்றார்.

நான்கு வாளிகளைப் பார்த்து நான் சிரித்ததெல்லாம் அப்போது ஒன்றாகச் சேர்ந்து நினைவுக்கு வந்தது. ஏன் அண்ணாச்சி, பார்த்ததும் தீயணைப்புக்குப் போன் போட்டிருக்கலாமே, இந்த வயதில் நீங்கள் ஏன் ஏறி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"போனு கையிலதான் இருந்துச்சு. அடிச்சா போலீசும் சேந்து வரும். கதிரேசன் தம்பிக்குப் போர்மேன் சர்டிபிகேட் போயிரும். அப்புறம் நீங்க எங்கன போவீக?"

பூனைக்காக எங்களைக் காலி பண்ணச் சொன்ன மனிதர் இதைச் சொன்னார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லாமல் விட்டதற்கு அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டுக் கையை உருவிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது. சீனி கீழே போயிருக்கிறது. எது நடந்தால் நாங்கள் காலி பண்ணவேண்டுமோ அது நடந்திருக்கிறது.

நான் வருகிறேன் என்றேன். தேவையில்லை என்று கையைக் காட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். நான் தரையைத் துடைத்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. மேலே வரவில்லை. மனம் கேட்காமல் இறங்கினேன்.

படிக்கட்டுக்கு அடியில் அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த முழங்காலோடு. மணல் வாளி ஒன்று கொக்கியிலிருந்து இறங்கித் தரையில் இருந்தது. அதற்குள் சீனி. ஈர உடம்பெல்லாம் மணல் அப்பி, லட்டை ரவையில் புரட்டியதுபோல இருந்தது. அவர் தன் தோள் துண்டால் அதன் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாளியைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. எட்டலை. அதான் எறக்கி வச்சேன்" என்றார், என்னைப் பார்க்காமலே.

மாசக் கடைசி என்று நான் இழுத்தேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. மாரியம்மாளைக் கூப்பிட்டு மறுபடி சுற்றச் சொல்லுங்கள், நனைந்த சணல் தொய்ந்துபோகும் என்றார். சரி என்றேன்.

"திரி மட்டும் வேண்டாம் தாயி" என்றார்.

மாரியம்மாள் மறுபடி வந்து சுற்றினாள். திரி இல்லாத மூளிக் குண்டைப் பார்த்து இன்றைக்கும் முகம் சுளிக்கிறாள். கதிரேசன் விவரம் தெரிந்து அண்ணாச்சியைப் பார்க்கப் போனவர், வெகுநேரம் கழித்துத்தான் மேலே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீர் மாற்றும் நேரத்தில், காய்கறி வாங்க இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில் நான்கு வாளிகளும் தங்கள் கொக்கிகளில் தொங்கின. நான்கிலும் 'தீ'. அதற்குக் கீழே தரையில், கடையிலிருந்து புதிதாக வந்த ஐந்தாவது சிவப்பு வாளி. சலித்த மணல் பாதி அளவுக்கு. வெள்ளைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அண்ணாச்சியின் கையெழுத்தில் 'சீனி' என்று எழுதியிருந்தது.